காய்ச்சி வடிக்காத நீர்

கேனின் மூடியைத் திருகி எடுத்ததும் பேராச்சி மீட்டரின் முனையை அந்தத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரைச் சாக்கடையில் ஊற்றுகிறார். நான்காம் முறை முக்கும்போதுதான் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி எண்ணைப் பார்க்கிறார். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. கோடு போட்ட நீள நோட்டில் தேதி, நேரம், கேனின் எண், மீட்டர் காட்டிய எண் ஆகியவற்றை எழுதி, 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் நீல மையால் 'பே.' என்று ஒப்பமிடுகிறார். பிறகு ஒரு நிமிடம் சும்மா இருக்கிறார். மறுபடியும் மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் பச்சை மையால் இன்னொரு 'பே.' போடுகிறார். கடையில் வேறு ஆள் கிடையாது.

"ஒரு தடவ பாத்தா அது பார்வை. ரெண்டு தடவ பாத்தாத்தான் சோதனை" என்பது அவர் கட்சி.

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஆளுயர நீலக் குழாய்கள் இரண்டு சுவரோரம் நிற்கின்றன. முதல் குழாய்க்குள் கேழ்வரகைப் போன்ற பழுப்பு மணிகள். இரண்டாவதில் ஜவ்வரிசியைப் போன்ற வெளிர்மணிகள். மாநகராட்சிக் குழாயிலிருந்து வரும் தண்ணீர் இவ்விரண்டையும் கடந்து வெளியே வரும்போது, அதில் கரைந்திருந்த உப்புகள் மணிகளிடம் தங்கிவிடுகின்றன. மணிகள் களைத்துப்போனால் ஒன்றை அமிலத்தாலும் மற்றொன்றைக் காரத்தாலும் குளிப்பாட்ட வேண்டும். உப்பு நீங்கிய இந்த நீரைத்தான் ஆட்டோ பேட்டரியிலும் வீட்டு இன்வெர்ட்டரிலும் ஊற்றுகிறார்கள். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் சோதனைக் குழாய்களைக் கழுவுகிறார்கள். மும்பையின் இந்தப் பகுதியில் அதற்கு வழங்கும் ஒரே பெயர் 'டிஸ்டில் வாட்டர்'. பேராச்சி அப்படிச் சொல்வதில்லை. பிறர் சொன்னாலும் லேசில் விடுவதில்லை.

வயது நாற்பத்தொன்பது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். தமிழில் எட்டாம் வகுப்பு வரை பள்ளியில் படித்தது. இந்தி தெருவில் படித்தது. ஆங்கிலம் நோட்டீசில் படித்தது. கணவர் வானமாமலை ஸ்கூட்டரின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டுக் கொண்டுபோய்ப் போடுகிறார். தண்ணீரின் பெயரில் அவருக்கு அக்கறையில்லை; அதன் எடையில்தான் அக்கறை.

அறையின் பரணில் பதினாறு கோப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் வெவ்வேறு நிற ஒட்டுநாடா. மின்சார ரசீதுகள் சிவப்பு, மீட்டர் வாங்கிய சீட்டும் அதன் உத்தரவாத அட்டையும் மஞ்சள், அரசாங்கத்துக்கு எழுதியவை பச்சை, அரசாங்கம் எழுதியவை கறுப்பு. கறுப்பு மெலிந்தது. குடியிருப்பு அளவெடுக்க வந்த இளைஞர் ஒருவர், இந்த அறையில் நெடுநாளாக இருப்பதற்கு ஏதாவது ஒரு சான்று கேட்டார். பேராச்சி பதினொன்று கொடுத்தார். ஏழாவதிலேயே அவர், "பஸ் காக்கி, பஸ்" என்று, போதும் போதுமெனக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மீதி நான்கையும் கொடுத்து, பதினொன்றையும் பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கி வைத்தார் பேராச்சி. அதற்கு நீல நாடா.

கறுப்புக் கோப்பின் முதல் தாள், மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு நோட்டீஸ். அதுவரை அவரும் எல்லாரையும் போல லேபிளில் 'டிஸ்டில்ட் வாட்டர்' என்றுதான் அச்சடித்திருந்தார். ஒரு நாள் பரிசோதகர் ஒருவர் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து மேசைக்கடியிலும் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்: "அடுப்பு எங்கே?"

"இது தண்ணிக் கடை சாப். வடாபாவ் கடை அங்கன முக்குல இருக்கு" என்று பேராச்சி இந்தியும் தமிழுமாகச் சொல்லி வழியும் காட்டினார். பரிசோதகர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு போனார்.

நோட்டீஸ் ஆங்கிலத்தில் வந்தது. பழைய புத்தகக் கடையில் அகராதி ஒன்றும், பள்ளி வேதியியல் பாடநூல் ஒன்றும் வாங்கிவந்து, ஒரு பக்கத்தை மூன்று நாள் வாசித்தார். ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் பொருள் எழுதினார். அந்தத் தாள் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆங்கில வரிகளுக்கு மேலே தமிழ்ச் சொற்கள் மழைக்கால ஈசல்போல் மொய்த்திருக்கின்றன. 'டிஸ்டிலேஷன்' என்பதற்கு அகராதி கொடுத்த பொருள்: காய்ச்சி வடித்தல்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

காய்ச்சி. எட்டாம் வகுப்பில் அந்தப் படத்தை அவரே வரைந்திருக்கிறார். உருண்டைக் குடுவை, சாய்ந்த குழாய், குளிர்ந்த நீர்த்தொட்டி, சொட்டுச் சொட்டாக விழும் நீர். குடுவைக்கடியில் தீ. நீர் கொதித்து ஆவியாகி, ஆவி குளிர்ந்து மறுபடி நீராக வேண்டும். வழியில் உப்பெல்லாம் குடுவையிலேயே நின்றுவிடும். தீ இல்லாமல் அந்தப் படமே இல்லை.

"இங்கிலீசுல சொல்லிக்கிட்டிருந்த வரைக்கும் அடுப்பு என் கண்ணுல படவே இல்ல. தமிழ்ல சொன்ன ஒடனே அந்த வார்த்தைக்குள்ளயே எரியுது. அந்தப் பரிசோதகரு கேட்டது சரியான கேள்விதான். நாந்தான் வடாபாவ் கடைக்கு வழி சொன்னேன்" என்று இப்போதும் ஒப்புக்கொள்கிறார்.

அபராதத்தைக் கட்டினார். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, சயன் முதல் மாஹிம் வரை, தண்ணீர் கேன் விற்கும் முப்பத்தொரு கடைகளுக்கும் போய் லேபிள்களைக் குறித்துக்கொண்டு வந்தார். இருபத்தேழு பேர் 'டிஸ்டில்ட்' என்று போட்டிருந்தார்கள். மூவர் 'டபுள் டிஸ்டில்ட்'. ஒருவர் 'ட்ரிபிள் டிஸ்டில்ட்'. அவர் கடையில் குழாயே கிடையாது. முப்பத்தொரு கடையில் ஒன்றிலும் அடுப்பைக் காணவில்லை. நோட்டீசும் ஒன்றுக்கும் வரவில்லை. காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். லேபிளில் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சடித்தவர் அவர் ஒருவர்தான். குற்றத்தை எல்லாரும் செய்திருந்தார்கள். வீட்டுக்கு வழி சொன்னவர் அவர் மட்டும்.

இந்தக் கணக்கெடுப்பை அட்டவணையாக்கி அனுப்பினார். தங்கள் கடிதம் கிடைத்தது என்று மூன்று வரியில் மராட்டியில் பதில் வந்தது. கறுப்புக் கோப்பில் இரண்டாவது தாள் அது.

பிறகு அவர் செய்ததைத்தான் சந்தில் யாரும் மன்னிக்கவில்லை. லேபிளை மாற்றிவிட்டார். பாடநூலில் தேடி, தன் நீலக் குழாய்கள் செய்யும் வேலைக்கு உரிய சரியான சொல்லைக் கண்டுபிடித்து, 'டீமினரலைஸ்ட் வாட்டர்' என்று அச்சடித்தார். அதாவது, கனிம உப்புகள் நீக்கப்பட்ட நீர். உண்மை இவ்வளவு நீளமாக இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"டிஸ்டில் இல்லியா? அப்பம் இது டூப்ளிகேட்டா?" என்று ஆட்டோக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். இன்னொரு வகை வாடிக்கையாளர்கள் புதிதாக வந்தார்கள். பெயர்சூட்டு விழா வைத்திருந்த ஒருவர், லேபிளில் 'மினரல்' என்ற நடுப்பகுதியை மட்டும் படித்துவிட்டு, விருந்தாளிகளுக்குக் குடிக்க இரண்டு கேன் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பேராச்சி மூன்று சந்து துரத்திக்கொண்டு ஓடி, "அதுல மினரலே கெடையாதுய்யா! அதத்தான் எழுதி ஒட்டிருக்கு!" என்று மூச்சிரைக்கச் சொல்லி மீட்டுவந்தார்.

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா?" என்றார் வானமாமலை. "ஊரே சொல்லுத பேர நீ ஒருத்தி மாத்தி என்ன கலெக்டராவா ஆவப்போற?"

"கலெக்டரு ஆவல. நோட்டீஸு வராம இருக்கும்லா."

"ஆளும் வரமாட்டான்."

அதில் வானமாமலை சொன்னதே நடந்தது. ஒவ்வொன்றாகக் கடைகள் விலகின. கடைசியில் மாதம் தவறாமல் எடுத்தது ஒரே இடம்: மாட்டுங்காவில் உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் துறை. மாதம் நாற்பது கேன். அங்கே ஸ்டோர் பொறுப்பாளர் அனந்தகிருஷ்ணன், லேபிளில் என்ன இருந்தாலும் தம் பேரேட்டில் 'டிஸ்டில்ட்' என்றே எழுதிக்கொள்வார். லேபிள் ஒன்று, பேரேடு ஒன்று என்று மூன்று ஆண்டுகள் தண்ணீர் நிம்மதியாக ஓடியது.

இந்த ஜூனில் ஒரு படிவம் வந்தது. இனிமேல் பொருள் வழங்குவோர் எல்லாரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். 'எங்களால் வழங்கப்படும் டிஸ்டில்ட் வாட்டர் குறிப்பிட்ட தரத்தில் உள்ளது என இதன்மூலம் உறுதி கூறுகிறோம்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வானமாமலை படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கணக்காகச் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு, காலேஜும் போச்சுன்னா மாசக் கடைசியில ரூம பை தைக்கிறவனுக்கு விட்டுருவேன். அவன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான். ஒன் குழாய் ரெண்டையும் பங்கார் கடையில எடைக்குப் போடு."

பேராச்சி படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, மழையில் மாட்டுங்காவுக்குப் போனார்.

அனந்தகிருஷ்ணன் பாலக்காட்டு வம்சம், பிறந்தது மாட்டுங்கா. இருபத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஸ்டோரில் அமிலக் குப்பிகளோடு வாழ்ந்து, அவற்றில் எதுவும் தன்மேல் தெறிக்காமல் பார்த்துக்கொண்டவர். அலமாரியின் உச்சியில் கல்லூரியின் பழைய வடிகலன் ஒன்று, கழுத்து உடைந்து, தூசி படிந்து கிடந்தது. உண்மையில் காய்ச்சி வடித்த நீர் அந்தக் கட்டடத்தில் கடைசியாகச் சொட்டியது அதன் மூக்கிலிருந்துதான்.

"இதுக்குன்னு மழையிலே வரணுமா? ஒரு ஒப்பு போட்டு வானமாமலை கையிலே குடுத்தனுப்பினாப் போறுமே."

"வார்த்த தப்பா இருக்கு சார்."

"எந்த வார்த்தை?"

"டிஸ்டில்ட். எங்கடையில அடுப்பு கெடையாது. நான் வடிக்கல, உப்ப மட்டும் எடுக்கேன்."

"அதேதானம்மா! டிஸ்டில்ட்னா சுத்தமான வெள்ளம், சுத்தமான தண்ணி. அவ்வளவேயுள்ளூ. இருபத்தொம்போது வருஷமா எழுதிண்டிருக்கேன், ஒரு ஆடிட்டர் கேட்டது கிடையாது."

"சுத்தம் வேற, வடிச்சது வேற சார். இந்தா பெய்யிதே, இது மேகமாப் போயி எறங்குற தண்ணி. கணக்குப்படி வடிச்ச தண்ணிதான். எங்க கூரத் தகரத்துல விழுந்து ஓடுதத நீங்க குடிப்பியளா?"

அனந்தகிருஷ்ணன் டீக் கோப்பையை ஊதினார். பேராச்சி பையிலிருந்து சிறு புட்டியில் தன் தண்ணீரையும் மீட்டரையும் எடுத்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி முக்கினார். ஒன்று. பிறகு அவர் மேசையிலிருந்த சர்க்கரைப் பாத்திரத்தில் ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டுக் கலக்கினார்.

"அய்யோ, எந்தா பண்றேள்?"

"இப்பம் பாருங்க."

மீட்டர் இரண்டைத் தாண்டவில்லை. குவளையில் இருந்ததோ சர்பத்.

"மீட்டருக்கு உப்பு மட்டுந்தான் தெரியும் சார். அது பொய் சொல்லல. சக்கரையப் பத்தி அதுகிட்ட யாரும் கேக்கல. எங்குழாயும் அப்படித்தான். உப்பப் பிடிக்கும், சக்கரய விட்டுரும். காய்ச்சி வடிச்சா ரெண்டும் கீழயே நின்னுரும். அப்பம் ரெண்டு தண்ணியும் ஒண்ணா?"

ஸ்டோர் பொறுப்பாளர் குவளையை நெடுநேரம் பார்த்தார். இருபத்தொன்பது ஆண்டில் அவர் தண்ணீரைப் பார்த்தது அதுவே முதல் முறையாக இருக்கலாம். பிறகு எழுந்து போய் விசாரித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து வந்தார்.

"ஹெட் மேடத்தைக் கேட்டேன். உங்க வெள்ளம்தான் அவாளுக்கு வேணுமாம், ரொம்பத் தோதாம். ஆனா ஃபாரத்தை மாத்தறது ஆபீஸ் வேலையாம். ஆபீஸ்லே கேட்டேன். கெமிஸ்ட்ரி வார்த்தையை டிபார்ட்மெண்ட்தான் மாத்தணுமாம்." உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "கேட்டேளா, பேராச்சி. ஒரு வார்த்தை. ஆருக்கு நஷ்டம்? ஒப்பைப் போட்டுட்டு ஆத்துக்குப் போங்கோ."

"மூணு வருசத்துக்கு முன்னால தெரியாம எழுதுனேன். அதுக்கு அபராதம் போட்டாவ. இப்பம் தெரிஞ்சே எழுதுனா, அதுக்கு என்ன பேரு சார்?"

அனந்தகிருஷ்ணன் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பேராச்சி அவர் மேசையிலிருந்தே அடிக்கோலை எடுத்து, 'டிஸ்டில்ட்' என்ற சொல்லின் நடுவே ஒரு நேர்கோடு இழுத்தார். மேலே சரியான சொல்லை எழுத்து எழுத்தாக எழுதினார். ஓரத்தில் திருத்தத்துக்கு ஒரு கையெழுத்து, கீழே உறுதிமொழிக்கு ஒரு கையெழுத்து.

"அடிச்சுட்டேளே! ஃபாரத்தை அடிச்சுட்டேளே!"

"அடிக்கல சார். திருத்திருக்கேன். பக்கத்துலயே ஒப்பமும் இருக்கு. வாங்குனதுக்கு ஒரு சீல் போட்டுத் தாங்க."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. காரணம் ஒன்று: திருத்தங்கள் உள்ள படிவம் ஏற்கப்படாது. காரணம் இரண்டு: கோரப்பட்ட பொருள் டிஸ்டில்ட் வாட்டர், வழங்க முன்வந்த பொருள் அதுவன்று. வானமாமலை தலையில் கைவைத்தார். பேராச்சி இரண்டாவது காரணத்தை இரு முறை படித்தார். அவருக்குத் தெரிந்து இந்த ஊரில் அந்தச் சொல்லை அதன் முழுப் பொருளில் சரியாகப் பயன்படுத்திய முதல் கடிதம் அது. "ரெண்டாவது காரணம் சரிதான்" என்றார். கறுப்பு நாடாக் கோப்பைப் பரணிலிருந்து இறக்கியவர், இது அரசாங்கம் இல்லையே என்று யோசித்து, புதிதாக ஒரு கோப்புத் தொடங்கினார்.

மறுநாளே பை தைக்கிறவர் அளவுநாடாவோடு வந்துவிட்டார். நீலக் குழாய்கள் நின்ற இடத்தில் இரண்டு தையல் மிஷின் போடலாமா என்று சுவரை அளந்தார். அவர் வாய்விட்டுச் சொன்ன அளவை, கேட்காமலே, பேராச்சி திருத்திக் கொடுத்தார். நான்கு அங்குலம் குறைத்துச் சொல்லிவிட்டாராம்.

அன்று மாலை அம்மார் வந்தான். நாலாவது சந்தில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்பவன்; கடையநல்லூர்க் குடும்பம்; முப்பத்திரண்டு வயது; தமிழை வாயால் மட்டும் அறிந்தவன். அவனிடம் நீலக் குழாய்கள் கிடையாது. கேன்களையும் லேபிள்களையும் வைத்து வியாபாரம் நடத்துபவன். வாசலில் நின்றபடியே தொடங்கினான்.

"எக்கா, ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி. எது மொதல்ல வேணும்?"

"தேதிவாரியாச் சொல்லு."

"அப்பம் கெட்டதுதான் மொதல்ல. காலேஜ் ஆர்டர் எனக்கு வந்துட்டு."

"நல்லது?"

"மாசம் நாப்பது கேன் ஒங்ககிட்டயே எடுத்துக்கிடுதேன். அவுங்க குடுத்த அதே ரேட்டு. நான் சாமானக் கொண்டு போறதோட சரி."

பேராச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"வாசிச்சியா?"

"அரே எக்கா, நான் நிக்காஹ் ரிஜிஸ்டரையே வாசிக்கல."

"அதுல டிஸ்டில்ட்னு இருக்கு. இது டிஸ்டில்ட் இல்ல."

"வார்த்தைக்குத்தானே எக்கா நான் சைன் போட்டேன்? தண்ணிக்கா போட்டேன்? தண்ணி ஒங்க தண்ணி, ஏ-ஒன் மால். ஒங்களுக்குக் கடை நிக்குது, காலேஜுக்கு வேண்டிய தண்ணி போகுது, எனக்கு ஒரு நேம் ஆகுது. இதுல யாரு அழுதா?"

உள்ளேயிருந்து வானமாமலை, "தண்ணி போகுதுல்லா! லேபிளு வெறும் சட்டதான், எவன் சட்டையா இருந்தா என்னளா?" என்று பதறினார்.

பேராச்சி ஒரு நாள் தவணை கேட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பதினேழு கோப்புகளும் இறங்கின. உப்பு நீக்கிய நீரை உப்பு நீக்கிய நீர் என்று எழுதி ஒருவருக்கு விற்கக் கூடாது என எந்தத் தாளிலும் இல்லை. வாங்கியவர் அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதற்கு விற்றவர் பொறுப்பு என்றும் இல்லை. தாள்கள் அவர் பக்கம் இருந்தன. அவை அப்படி இருந்தது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மறுநாள் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தார். ஒன்று: ஒவ்வொரு முறையும் அம்மார் கையொப்பமிடும் சீட்டில் பொருளின் பெயர் 'டீமினரலைஸ்ட்' என்றே இருக்கும். இரண்டு: வேறு பெயருள்ள எந்த லேபிளும் இந்தக் கடைக்குள் ஒட்டப்படாது. அம்மாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் அவரே உரக்க வாசித்துக் காட்டினார். "கடைக்குள்ளன்னா நிலைக்கு உள்ள. வெளிய ஒம்பாடு."

"டன்" என்று கையெழுத்திட்டான் அம்மார். அதையும் முழுதாகக் கேட்கவில்லை.

பை தைக்கிறவருக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று.

ஜூலை முதல் வாரத்தில் முதல் நாற்பது கேன். காலையிலிருந்து வானம் கொட்டித் தீர்த்தது. சந்தில் கணுக்கால் தண்ணீர். அம்மாரின் டெம்போ முக்கில் நின்றது. அதன் மேல் விரித்த தார்ப்பாயில் நான்கு ஓட்டை. ஒரு கையில் லேபிள் கட்டு, மறு கையில் பசை டப்பா, தலையில் பிளாஸ்டிக் பையோடு அவன் நிலைப்படியில் நின்று உள்ளே பார்த்தான். பதினொரு மணிக்குள் மாட்டுங்காவில் இறக்க வேண்டும். லேபிள் இல்லாத கேனை அனந்தகிருஷ்ணன் உள்ளே விடமாட்டார். முதல் கேனை மழையிலேயே ஒட்டிப் பார்த்திருந்தான். லேபிள் வழுக்கிக்கொண்டு சாக்கடையோடு தாதர் பக்கம் போய்விட்டது.

"எக்கா, இன்னிக்கு மட்டும். உள்ள வச்சு ஒட்டிக்கிடுதேன்."

"ரெண்டாவது கண்டிசன்."

"மழை எந்தக் கண்டிசன்ல வருது எக்கா?"

நிபந்தனைத் தாளில் மழையைப் பற்றி இல்லை. பேராச்சி மனத்துக்குள் அதை இரு முறை சரிபார்த்தது முகத்தில் தெரிந்தது. பிறகு முக்காலியைத் தூக்கி, நீலக் குழாய்களைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"நான் பாக்கல."

பின்னால் பசைத் தூரிகை சளப் சளப்பென்று ஓடியது. கேன்கள் தரையில் உரசின. அம்மார் வேகமான ஆள். அவசரத்தில் இன்னும் வேகம். பேராச்சி குழாயின் மேல் இருந்த அழுத்தமானியை, அதில் முள் அசையாதபோதும், விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டோ ஒன்பதோ கேன் ஆகியிருக்கும். அடுத்ததை மேசைப் பக்கம் தள்ளி வைத்தான். அது அவர் கண்ணின் ஓரத்தில் வந்து நின்றது.

லேபிள் சாய்ந்திருந்தது. இடது மூலை மேலே ஏறி, வலது மூலை அடிப்பக்கத்தைத் தொட்டு, 'டிஸ்டில்ட் வாட்டர்' என்ற பெரிய சிவப்பு எழுத்துகள் படிக்கட்டில் சறுக்குவதுபோல் இறங்கின. நடுவில் ஒரு காற்றுக் குமிழ்.

பேராச்சி குழாயைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

பிறகு எழுந்து வந்தார். சேலையைச் செருகிக்கொண்டு கேனின் முன்னால் உட்கார்ந்தார். பசை காயவில்லை. மூலையில் நகத்தைக் கொடுத்து, கிழியாமல், கொஞ்சம் கொஞ்சமாக லேபிளை உரித்தெடுத்தார். கேனில் ஓடும் விளிம்புக்கு அதன் மேல்விளிம்பைச் சமமாகப் பிடித்துப் பதித்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் உள்ளங்கையின் ஓரத்தால் நீவி, குமிழை வெளியே தள்ளினார். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேராக இருந்தது.

அம்மார் தூரிகையைப் பிடித்தபடி வாயைத் திறந்தான். அவன் பக்கம் திரும்பாமலே பேராச்சி அடுத்த லேபிளுக்காகக் கையை நீட்டினார்.